சைவ மெஸ்ஸில் மீன் குழம்பு

எதிரி வாயை மூடிக்கொண்டால் மனிதனுக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது போனஸ் கைக்கு வந்தால்கூட வராது. அந்தச் சந்தோஷத்தில்தான் உச்சிமாகாளி அன்று ஆபீஸ் படியேறினான்.

"ஆளு ஓடிட்டான் மேடம். ரெண்டு நாளா மூச்சுப் பேச்சு இல்ல."

"யாரு? நமக்குப் பணம் குடுக்க வேண்டிய பார்ட்டியா?" என்றாள் சுகப்பிரியா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"கடன் குடுக்குத அளவுக்கு நமக்கு ஏது மேடம் வசதி? சந்தேகச்சாமியச் சொல்லுதேன்."

'ஒரகடம் குரல்' என்று ஓர் இணையதளம் இருக்கிறது. கம்பெனிப் பையன்களும் பெண்களும் ஓ.டி., பஸ் ரூட், ஹாஸ்டல் தண்ணீர் என்று எதையாவது எழுதி அடித்துக்கொள்ளும் இடம். எந்தப் பெயரிலும் எழுதலாம், யாரும் படிக்கலாம். அங்கே உச்சிமாகாளியின் பெயர் 'மின்னல் காளி'. ஏ.ஐ. சொல்வதை நம்பலாம் என்பது அவன் கட்சி. அது புளுகுமூட்டை என்பது சந்தேகச்சாமி என்கிற முகம் தெரியாத ஒருவனின் கட்சி. சில மாதங்களாக இருவரும் போட்ட சண்டையில் பாதி ஒரகடம் இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகப் பிரிந்து நின்றது.

சுகப்பிரியா வாலாஜாபாத் பக்கத்துப் பெண். ஒரகடம் ஜங்ஷனில் செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறாள். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான். உச்சிமாகாளிக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கார் கண்ணாடி செய்யும் கம்பெனியில் லைனில் நின்றவனை, வேலையைவிடப் பேச்சு அதிகம் என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். பேச்சையும் சகித்துக்கொண்டு சம்பளம் தருகிற ஒரே ஆள் சுகப்பிரியாதான் என்று தெரிந்ததும் இங்கேயே ஒட்டிக்கொண்டான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே வந்த பெண்மணியைப் பார்த்ததும் உச்சிமாகாளி சட்டென்று எழுந்து நின்றான். கோமதி விலாஸ் சைவ மெஸ்ஸை நடத்தும் கோமதிநாயகம் அண்ணாச்சியின் மனைவி முத்துச்செல்வி.

"என்னடே மாகாளி, ரெண்டு நாளா சாப்பிட வரல? நீயும் அந்த வீடியோவ நம்பிட்டியா?"

உச்சிமாகாளிக்கு உயிரே போய்விட்டது. வீடியோவை அவனும் பார்த்திருந்தான். 'காரிடார் டிவி' என்று தண்டலத்தில் லோகேஷ் என்பவன் நடத்தும் இணையச் சேனல். 'எந்த மெஸ்ஸை நம்பக்கூடாது? ஏ.ஐ. சொன்ன அதிர்ச்சி பதில்!' என்று தலைப்பு. கோமதி விலாஸில் மீன் குழம்பு சாப்பிட்ட நாற்பது பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள் என்று ஏ.ஐ. சொன்னதாம். வெங்காயம் சேர்ப்பதற்கே நாள் பார்க்கிற மெஸ்ஸில் மீன் குழம்பு! பச்சைப் பொய் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் சொன்னது அவன் கட்சித் தலைவனாயிற்றே. அந்தச் சங்கடத்தில் மெஸ் பக்கம் தலைகாட்டாமல் டீயும் பன்னுமாக ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நான் நம்புவனாக்கா? நாப்பது பேரு உக்கார அங்க பெஞ்சே கெடையாதே," என்றான்.

முத்துச்செல்வி சிரிக்கவில்லை. "மேடம், பொம்பளப் புள்ளைக ஹாஸ்டலுக்கு மூணு வேளையும் எங்க சாப்பாடுதான் போவுது. அதுலதான் எங்க குடும்பம் ஓடுது. ஹாஸ்டல் ஓனரு ராஜாமணி சாயங்காலம் வாராரு. இது பொய்யின்னு காட்டலன்னா ராத்திரிச் சாப்பாட்டுல இருந்து வேற ஆள் பாத்துக்கிடுவாராம். மீனுன்னு சொன்னதக் கூடத் தாங்கிக்கிடுவேன், புள்ளைக ஆஸ்பத்திரியில கெடந்துச்சுன்னு சொன்னா எப்படித் தாங்க?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

சுகப்பிரியா தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள். "யார் மேலயாவது சந்தேகம் கீதா?"

"எனக்கு எல்லார் மேலயும்தான் சந்தேகம். எதுத்தாப்புல பிரியாணிக் கடை போட்டிருக்கான் சக்திகுமாரு, அவன் மேல மொதச் சந்தேகம். இவுகளக் கேட்டா, யார் மேலயும் இல்லங்காக. ரெண்டு நாளா பேச்சே இல்ல. சாம்பார்ல உப்பு போட மறந்துட்டாக. எங்க கல்யாணத்துக்குப் பொறவு இப்பத்தான் முதத் தடவ."

"யார் மேலயும் இல்லன்னாரா?" என்று சுகப்பிரியா ஒருமுறை கேட்டுவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

காரிடார் டிவி என்பது தண்டலத்தில் பஞ்சர் கடைக்கு மேலே ஓர் அறை. சுவரில் பச்சைத் துணி, எதிரே ஒரு விளக்கு, நடுவில் லோகேஷ். கழுத்து வரை கோட்டு போட்டிருந்தான். இடுப்புக்குக் கீழே கைலி.

"சோர்ஸ் இன்னாப்பா?" என்றாள் சுகப்பிரியா.

"ஏ.ஐ.தான் மேடம். நான் சொந்தமா ஒரு வார்த்தை சேக்கல. மனுசன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லுமா?"

மூன்று மாதமாகத் தான் எழுதிய வசனத்தை இன்னொருவன் வாயில் கேட்டபோது உச்சிமாகாளி பச்சைத் துணியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான். சுகப்பிரியா அவனுடைய போனை வாங்கி ஏ.ஐ.யிடமே கேட்டாள்: கோமதி விலாஸ் சங்கதி உனக்கு எப்படித் தெரியும்? பதில் பணிவாக வந்தது. 'காரிடார் டிவி வெளியிட்ட செய்தியின்படி...'

லோகேஷ் நெஞ்சை நிமிர்த்தினான். "பாத்தீங்களா? ஏ.ஐ.யே நம்ம சேனலத்தான் சொல்லுது."

"நீ யார் சொல்லி செய்தி போட்ட?"

"ஏ.ஐ. சொல்லித்தான்."

கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"மேடம், ரெண்டு குடிகாரனுவ ஒருத்தன் தோள ஒருத்தன் புடிச்சிக்கிட்டு நிக்கானுவ," என்றான் உச்சிமாகாளி. "எவனாவது ஒருத்தன் கைய எடுத்தா ரெண்டு பேரும் குப்புற விழுந்துருவான்."

"கைய எடுக்க வெப்போம். லோகேஷ், மொத மொத அது குடுத்த பதில் உன் கையில கீது இல்ல? வீடியோவ பாத்தேன், பதிலோட மேல் பாதிய வெட்டிட்டுதான காமிச்ச? முழுசா காமி."

லோகேஷ் தலையைச் சொறிந்தான். கோட்டுப் பையில் தேடினான். கைலியை இறுக்கிக் கட்டினான். அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லாததால் போனை நீட்டினான். வெட்டப்பட்ட மேல் பாதி இப்படி இருந்தது: 'உறுதி செய்யப்பட்ட புகார் எதுவும் கிடைக்கவில்லை. எனினும் ஒரகடம் குரல் தளத்தில் நடந்த ஒரு விவாதத்தில் பயனர் ஒருவர் குறிப்பிட்டபடி...'

"இத ஏன் வெட்டுன?"

"அது இருந்தா யாரும் கிளிக் பண்ண மாட்டாங்க மேடம்," என்றான் லோகேஷ் பரிதாபமாக. அவன் அன்று சொன்ன முதல் உண்மை அதுதான்.

உச்சிமாகாளியின் விரல் அதற்குள் ஒரகடம் குரலில் தேட ஆரம்பித்திருந்தது. கிடைத்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய பதிவு. 'இந்த ஏ.ஐ.யை நம்பினால் விளங்கினாற்போலத்தான். கோமதி விலாஸில் மீன் குழம்பு சாப்பிட்டு நாற்பது பேர் ஆஸ்பத்திரியில் என்று நாளைக்கு அது சொல்லும். இந்த மின்னல் காளி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு தலையாட்டுவான்.' எழுதியவர் பெயர் சந்தேகச்சாமி. பைத்தியக்காரனைத் தன் ஊர்ப் பேச்சில் சொல்லி மின்னல் காளி போட்ட பதிலும் அதற்குக் கீழேயே இருந்தது: 'போடா கோட்டிக்காரா.'

"உனக்கு எழுதனதுதான இது? படிக்கலியா?" என்றாள் சுகப்பிரியா.

"முதல் வரியப் பாத்ததும் பதில் போட்டுருவேன் மேடம். முழுசாப் படிச்சா கோவம் ஆறிப் போயிருமே," என்றான் உச்சிமாகாளி. உடனே துள்ளினான். "மேடம், குற்றவாளி கெடச்சிட்டான்! நம்ம எதிரிதான்! ஊர் ஒலகத்துக்கே வெளிச்சம் போட்டுக் காட்டிருவோம். சைபர் கிரைம்ல குடுப்போம்."

"யாருன்னு குடுப்ப? சந்தேகச்சாமி, தகப்பனார் பேர் தெரியாதுன்னா?"

வழியில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு டீக்கடையில் ஸ்கூட்டர் நின்றது. கன்டெய்னர் லாரி ஒவ்வொன்றும் போகும்போது டீயில் ஒரு பிடி புழுதி விழுந்தது. சுகப்பிரியா சந்தேகச்சாமியின் மூன்று மாதச் சண்டையையும் ஒன்று விடாமல் படித்தாள். இடையில் மூன்று கேள்வி கேட்டாள்.

"இந்தத் தளத்துல எல்லாரும் எப்போ ஜாஸ்தி எழுதறாங்க?"

"சாப்பாட்டு நேரந்தான். வேற எப்ப மேடம்? கம்பெனிக்குள்ள போனுக்குத் தடை. கேட்டுல லாக்கர்ல போட்டுட்டுத்தான் போவணும். ஷிப்டு விட்டு வந்து ஒரு கையில சோறு, ஒரு கையில சண்டை."

"உன் எதிரி அப்போ எழுதறானா?"

உச்சிமாகாளி புருவத்தைச் சுருக்கினான். "இல்ல மேடம். எல்லாரும் கை கழுவுன பொறவுதான் வருவான். தனியாச் சாப்புடுத பய போல."

"சரி. அவன் குடுக்கற உதாரணத்தல்லாம் பாரு. 'வாலாஜாபாத்துல ஏர்போர்ட் தொறந்தாச்சுன்னு ஏ.ஐ. சொல்லும்.' 'சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோவுல ஏ.சி. போட்டாச்சுன்னு சொல்லும்.' நல்லது எல்லாம் ஊருக்கு. 'எனக்குக் கை கால் வெளங்காமப் போச்சுன்னு சொல்லும்.' 'நான் செத்து பதினாறு முடிஞ்சிதுன்னு சொல்லும்.' கெட்டது எல்லாம் யாருக்கு?"

"அவனுக்கேதான். நல்ல பயதான் போல, சவத்த," என்றான் உச்சிமாகாளி மனசில்லாமல்.

"கடைசி கேள்வி. சைவ மெஸ்ல மீன் குழம்புன்னு ஏ.ஐ. சொல்லிட்ச்சு. அது புளுகும்னு மூணு மாசமா கத்திகினு இருந்தவனுக்கு இதைவிட பெரிய சான்ஸ் கெடைக்குமா? உன்ன உண்டு இல்லன்னு பண்ணியிருக்கலாம். ஏன் வாயே தொறக்கல?"

தான் அவன் வாயை அடைத்துவிட்டதாக இரண்டு நாளாகக் கொண்டாடியது உச்சிமாகாளிக்கு நினைவுக்கு வந்தது. டீயை வேகமாகக் குடித்தான்.

அவர்கள் கோமதி விலாஸுக்குள் நுழைந்தபோது ராஜாமணி ஏற்கெனவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நிலத்தை விற்று ஹாஸ்டல் கட்டிய உள்ளூர்க்காரர். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். உள்ளே பெரிய அண்டாவில் கோமதிநாயகம் அண்ணாச்சி சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முத்துச்செல்வி அப்பளத்தட்டுடன் சமையலறை வாசலில் நின்றாள்.

"இன்னாம்மா, ஆள புட்ச்சியா?" என்றார் ராஜாமணி. "நானும் இவுருகூட பழகிகினுதான் கீறேன். ஆனா பொண்ணுங்களப் பெத்தவங்க ஊர்லேர்ந்து போன் மேல போன் போட்டுகினு கீறாங்க. நான் இன்னா பதில் சொல்றது?"

"புடிச்சாச்சு சார். இந்த மெஸ்ஸுக்குள்ளதான் கீறாரு." சுகப்பிரியா உச்சிமாகாளியின் காதருகே குனிந்து, சமையலறைக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "மாகாளி, உன் எதிரிக்கு ஒரு வரி போடு. நல்லா உறைக்கணும்."

அந்த வேலைக்கு அவனிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியதில்லை. 'என்னல சந்தேகச்சாமி, பயந்து ஓடிட்டியா?' என்று தட்டி அனுப்பினான்.

அண்ணாச்சியின் சட்டைப் பையில் 'டிங்' என்றது.

கரண்டி நின்றது. உச்சிமாகாளி நம்பவில்லை. ஒரகடத்தில் யாருக்குத்தான் மெசேஜ் வராது? இன்னொரு வரி தட்டினான். 'கோட்டிக்காரா.' மறுபடியும் 'டிங்'. மூன்றாவது தட்டத் தேவை இருக்கவில்லை. அண்ணாச்சி பையைப் பொத்திய வேகமே போதுமானதாக இருந்தது.

"எல்லாரும் சாப்பிட்டுகினே எழுதற நேரத்துல எழுத முடியாதவன் யாரு? பரிமாறறவன்," என்றாள் சுகப்பிரியா. "நஷ்டப்பட்ட கடைக்காரருக்கு ஒருத்தர் மேலயும் சந்தேகம் இல்லன்னா, யாருன்னு அவருக்கு ஏற்கெனவே தெரியும்னு அர்த்தம். போன எடுங்க அண்ணாச்சி."

அப்பளத்தட்டு கீழே வைக்கப்பட்டது. முத்துச்செல்வியின் கை நீண்டது. அண்ணாச்சி போனைக் கொடுத்துவிட்டார்.

"பாத்ரூமுக்குள்ள போனா அரை மணி நேரம் வெளிய வர மாட்டீகளே, அது இதுக்குத்தானா?" என்றாள் அவள். "ஒங்களுக்கு மூலமோன்னு நான் சங்கரன்கோவிலுக்கு நேந்துல்லா வச்சிருக்கேன்! பெத்த புள்ள மாதிரி வளத்த கடை. அதுக்கு நீங்களே இப்படி எழுதினீகளா?"

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "அது ஒரு உதாரணத்துக்கு எழுதுனது தாயி. ஏ.ஐ. அபாண்டம் பேசும்னு காட்டணும்னா ஒரு கடைப் பேரு வேணும்லா? அடுத்தவன் கடைப் பேரப் போட்டு ஆஸ்பத்திரி, அது இதுன்னு எழுதுனா அவன் பொழப்பு என்னத்துக்கு ஆவும்? வாயில வந்தது பலிச்சிட்டா? அதான் நம்ம பேரப் போட்டேன். அதுலயும் மீன் கொழம்புன்னு போட்டா பச்சப்புள்ள கூட நம்பாதுன்னு நெனச்சேன்."

"பச்சப்புள்ள நம்பல," என்றாள் சுகப்பிரியா. "ஏ.ஐ. நம்பிச்சு. அத நம்பி லோகேஷ் வீடியோ போட்டான். அவன் வீடியோவ நம்பி ஏ.ஐ. இன்னும் ஸ்ட்ராங்கா சொல்லிகினு கீது."

ராஜாமணி அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ், எதுத்த கடை சக்திகுமாரு பேர எழுதியிருந்தா நீ தப்பிச்சிருப்பியே?"

"அவன் புள்ளகுட்டிக்காரன்யா," என்றார் அண்ணாச்சி.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு ராஜாமணி குரலை இறக்கிவிட்டார். "சரி. எனுக்கு புரிஞ்சிபோச்சு. பெத்தவங்களுக்குப் புரியணுமே. இத எழுதனது நான்தான், சும்மா உதாரணத்துக்கு எழுதனேன்னு உன் வாயால அதே எடத்துல எழுதிப் போடு. நான் அத அவங்களுக்கு அனுப்பறேன். நைட்டு சாப்பாடு உன்னுதுதான்."

இவ்வளவு சுலபமாக முடிந்திருக்க வேண்டிய விஷயம் அங்கேதான் சிக்கிக்கொண்டது. அண்ணாச்சி போனை வாங்கினார். நாலு எழுத்து தட்டினார். நிறுத்தினார்.

"இத எழுதுனா... ஏ.ஐ.யா ஒண்ணும் இட்டுக்கட்டல, ஒரு மனுசன் எழுதுனதத்தான் அது சொல்லிச்சுன்னு ஆயிருமே," என்றார் மெதுவாக. "அந்த மின்னல் காளிப் பய ஜெயிச்சிருவானே. எல்லாரும் சிரிப்பானுவளே. அவன் யாருன்னு கூட எனக்குத் தெரியாது. ஆனா அவங்கிட்டத் தோக்குறதுக்கு இந்த அண்டாவுல குதிச்சிரலாம்."

முத்துச்செல்வி தலையில் கை வைத்தாள். சுகப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டு உச்சிமாகாளியைப் பார்த்தாள்.

உச்சிமாகாளிக்கு முதலில் வந்தது வெற்றிக் களிப்புதான், இல்லை என்று சொன்னால் பொய். மூன்று மாதப் போர் முடிந்து எதிரி காலடியில் கிடக்கிறான். அடுத்த நொடி அந்த எதிரி யார் என்று பார்த்தான். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசத்தைத் தூக்குவாளியில் அறைக்கே கொடுத்தனுப்பிய மனிதர். அந்த மனிதரைத்தான் தினமும் கை கழுவிவிட்டு வந்து கோட்டிக்காரன் என்று திட்டியிருக்கிறான். அழுதுவிடுவோமோ என்று பயந்து போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான்.

அண்ணாச்சியின் கையில் 'டிங்' என்றது. மின்னல் காளி எழுதியிருந்தான்: 'சந்தேகச்சாமி சொன்னதுதான் சரி. எவன் எதை எழுதினாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கிற ஒன்றை நம்பச் சொன்னது என் தப்பு. கோமதி விலாஸில் இரண்டு வருஷமாகச் சாப்பிடுகிறேன். மீனும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. நான் தோற்றேன்.'

அண்ணாச்சி படித்தார். எதிரே போனும் கையுமாக நின்றவனைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார்.

"ஏலே... நீயால?"

"நாந்தான் அண்ணாச்சி. மன்னிச்சிருங்க. நீங்கன்னு தெரிஞ்சா 'கோட்டிக்காரா'ன்னு எழுதியிருக்க மாட்டேன். 'கோட்டிக்கார அண்ணாச்சி'ன்னு மரியாதையா எழுதியிருப்பேன்."

அண்ணாச்சி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மளமளவென்று எழுதினார். தான்தான் அதை எழுதியது, எழுதியது பொய், அடுத்தவன் கடையைச் சொல்ல மனசு வராமல் தன் கடையைச் சொன்னது என எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில், 'ஏ.ஐ. பாவம், அது என்னை நம்பியது. நான்தான் தோற்றேன்' என்று முடித்தார்.

"அண்ணாச்சி, தோத்தது நான். மொதல்ல எழுதுனது நான்லா?"

"நீ என்னல தோக்குறது? என் கடை, என் பொய், என் தோல்வி!"

"ஆரம்பிச்சுட்டானுங்கடா," என்று ராஜாமணி எழுந்து, பதிவைப் பெற்றோர்களுக்கு அனுப்பிவிட்டு, பாத்திரங்களை ஏற்ற வண்டியைக் கூப்பிட்டார். சுகப்பிரியா லோகேஷுக்குப் போன் போட்டு, இருட்டுவதற்குள் மறுப்பு வீடியோ வரவில்லை என்றால் வெட்டிய மேல் பாதியை ஊருக்கே ஒட்டிவிடுவேன் என்றாள். இடுப்புக்குக் கீழே அவன் என்ன உடுத்தியிருந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுவேன் என்றதும் உடனே ஒப்புக்கொண்டான்.

முத்துச்செல்வி முகத்தில் இரண்டு நாளுக்குப் பிறகு ரத்தம் ஓடியது. "உக்காரு மாகாளி. பன்னு தின்னு பன்னு தின்னு மூஞ்சியே பன்னா வீங்கிக் கெடக்கு," என்று இலையைப் போட்டாள்.

அவன் முதல் கவளத்தை எடுத்தபோது வாசலில் தோள்பையும் சூட்கேஸுமாக இரண்டு இளைஞர்கள் வந்து நின்றார்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் நேராக வந்த, கம்பெனிக்குப் புது ஜாயினிங் என்று பார்த்தாலே தெரிந்தது. ஒருவன் போனையும் பெயர்ப்பலகையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணே, கோமதி விலாஸ் இதானே? மீன் கொழம்பு இருக்கா? இப்பத்தான் ஏ.ஐ.கிட்டக் கேட்டோம். ஒரகடத்துலயே இந்த மெஸ் மீன் கொழம்பப் பத்தித்தான் எல்லாரும் பேசுதாங்களாம்."

சமையலறையில் கரண்டி விழுந்தது. அண்ணாச்சி எட்டி உச்சிமாகாளியைப் பார்த்தார்.

உச்சிமாகாளி சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்து, இடது கையால் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டான்.

"உக்காருங்கடே. மீனுன்னு சொன்னது எங்க கட்சிக்காரன், அதனால நாந்தான் பரிமாறணும்."